டீசல் வடிகட்டியும் ஏர் எடுத்தலும்: சேலம், நாமக்கல் சமவெளியில்

டீசல் வடிகட்டி என்பது எரிபொருள் தொட்டிக்கும் உயரழுத்தப் பம்புக்கும் இடையில் அமைந்து, டீசலில் கலந்துவரும் தூசி, துரு, நீர் ஆகியவற்றைத் தடுத்து நிறுத்தும் உறுப்பு. பட்டறைகளில் இதை 'டீசல் ஃபில்டர்' என்றே சொல்வார்கள். வடிகட்டியைக் கழற்றி மாட்டும்போது குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றி, டீசலைப் பம்ப் வரை மீண்டும் கொண்டுவந்து நிரப்பும் வேலைக்கு 'ஏர் எடுத்தல்' என்று பெயர். லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலும் வேரூன்றிய சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த வேலையை நெடுங்காலம் ஓட்டுநரும் கிளீனரும் சாலையோரத்தில் தாமே செய்துகொண்டார்கள். அது அவர்கள் கையைவிட்டுப் போகத் தொடங்கியது 2000-க்குப் பிறகுதான்.

காற்று பகையானது எப்படி

ருடால்ஃப் டீசல் (1858–1913) 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய என்ஜினில் காற்று எதிரியாக இருக்கவில்லை. எரிபொருளை உருளைக்குள் ஊதித் தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான். அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டும். எடை மிகுந்த அந்த ஏற்பாடு தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்தியது. சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தவில்லை. (1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. மானாவாரிக் கடலை விளையும் சேலம் சீமைக்கு அந்த வழி வளராமல் போனது ஒரு நட்டம் என்றே சொல்லலாம்.)

1920களில் காற்றின் துணை இல்லாமல் டீசலை மட்டும் உயரழுத்தத்தில் பீய்ச்சும் முறை வளர்ந்தது. ராபர்ட் போஷின் நிறுவனம் இதற்கான பம்பை 1922 முதல் உருவாக்கி, 1927-ல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. டீசல் லாரி பரவியது இதற்குப் பிறகே. இந்தப் பம்பின் உள்ளே ஒரு எஃகுத் தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. எண்ணெய்ப்பசை கொடுத்து அந்தத் தண்டைக் காப்பதும் அதே டீசல்தான். எனவே மணல் துகளோ நீர்த்துளியோ அங்கே போனால் பம்ப் கீறிப்போகும், துருப்பிடிக்கும்.

காற்றின் தொல்லை வேறு விதமானது. டீசலை அழுத்தினால் ஏறத்தாழச் சுருங்காது, காற்று சுருங்கும். பழைய லாரி என்ஜின்களில் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் தேவை. குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் உழைப்பெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது. ஸ்டார்ட்டர் சுற்றும், பேட்டரி தீரும், வண்டி கிளம்பாது. 'ஏர் வாங்கிடுச்சு' என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

கிணற்றடியில் கற்ற பாடம்

இப்பகுதி மக்களுக்குக் காற்றின் இந்தக் குணம் லாரியில்தான் முதலில் அறிமுகமானது என்று நினைக்க வேண்டியதில்லை. காவிரி இந்தச் சமவெளியின் மேற்கு, தெற்கு ஓரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. நடுவிலுள்ள நிலம் பெரும்பாலும் கிணற்றையும் மழையையும் நம்பியது. கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்த கிணறுகளுக்கு ஆயில் என்ஜினும் அதோடு இணைந்த நீர்ப்பம்பும் வந்தன. கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் காற்று நிற்கும். பம்ப் வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகே இறைக்கும். டீசல் குழாயில் ஏர் எடுப்பதும் இதே பௌதிகம்தான்.

ஆயில் என்ஜினில் டீசல் தொட்டி என்ஜினுக்கு மேலே இருக்கும். வடிகட்டியின் திருகைத் தளர்த்தினால் டீசல் தன் எடையாலேயே இறங்கி வந்து காற்றைத் தள்ளிவிடும். லாரியில் தொட்டி சேஸிஸின் பக்கவாட்டில், என்ஜினைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. டீசலை மேலே இழுக்க வேண்டும். அதற்காக வந்ததே ஃபீட் பம்பும், அதன் தலையில் பொருத்திய கைப்பம்பும்.

லாரி வந்த வழி

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டால் தமிழ்நாட்டில் பேருந்துகள் மரக்கரி வாயுவில் ஓடின. போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் மிகுதி பெட்ரோல் வண்டிகள். டீசல் பெருகியது அடுத்த பத்தாண்டில். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, சென்னை எண்ணூரில் லேலண்ட் லாரிகளைச் செய்தது. 1954-ல் டெல்கோ, டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் ஜாம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது.

இதே காலத்தில், 1951-ல், பெங்களூரில் போஷின் கூட்டுறவோடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் சுருக்கப் பெயரான 'மைக்கோ' தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒரு பொதுச்சொல்லாகவே ஆனது. பம்ப், நாசில், வடிகட்டி எல்லாமே மைக்கோ. நிறுவனம் 2008-ல் போஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பிறகும் பழைய மெக்கானிக்குகளின் வாயில் மைக்கோ போகவில்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் வேளாண்மையை மட்டும் நம்ப முடியாத குடும்பங்கள் லாரியில் முதலீடு செய்தன. ஓட்டுநராக இருந்தவர் கடன் வாங்கி ஒரு வண்டிக்கு உரிமையாளராவது இவ்வட்டாரத்தின் வழக்கமான கதை. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பெருகின. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் அவ்வூர் மையமானது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை துளையிடப் போயின. சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1-ல். அதற்கு வெகுகாலம் முன்பே லாரித் தொழிலில் அதற்குத் தனிப்பெயர் இருந்தது.

கிளீனரின் கைவேலை

பழைய டாடா, லேலண்ட் லாரிகளில் வடிகட்டும் வேலை படிப்படியாக நடந்தது. ஃபீட் பம்பின் கீழே ஒரு சிறு கிண்ணமும் சல்லடையும் பெருந்துகள்களைப் பிடிக்கும். அடுத்து இரட்டை வடிகட்டி. முதலாவதில் கழுவி மீண்டும் பயன்படுத்தத்தக்க ஃபெல்ட் உருளை. இரண்டாவதில் மடிப்பு மடிப்பான காகித உருளை. காகிதத்தைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். சிக்கனம் கருதி அதையும் அலசி மாட்டியவர்கள் உண்டு. ஒரு வடிகட்டியின் விலையை மிச்சம் பிடித்து, பம்பையே பிரித்து வேலை பார்க்கும் செலவை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

புது வடிகட்டி மாட்டியதும் வேலை தொடங்கும். முதல் வடிகட்டியின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்று வரும், பிறகு நுரை, பிறகு குமிழியும் டீசலும் கலந்து வரும். குமிழி அறவே நின்று டீசல் கம்பியாக வழியும்போது, அடிப்பதை நிறுத்தாமலேயே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து இரண்டாம் வடிகட்டி, அதன்பின் உயரழுத்தப் பம்பின் ஸ்க்ரூ. டீசல் போகும் வரிசைதான் காற்று எடுக்கும் வரிசையும். முன்பின்னாகச் செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் கைப்பம்பு கையை எதிர்த்து இறுகும். அதன் பிறகும் வண்டி பிடிக்கவில்லையென்றால் நாசில்களின் யூனியன் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, என்ஜினைச் சுற்றவிட்டு, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குவார்கள்.

இதை எழுதிவைத்துப் படித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் பிரிவு மாணவர்கள். மற்றவர்களுக்கு லாரியே பள்ளிக்கூடம். கிளீனராக ஏறியவர் டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, ஏர் எடுப்பது என்று வரிசையாகக் கற்று, ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர் நசுங்கியிருந்தால் என்ன ஆகும் என்பது போன்ற நுட்பங்கள் இப்படித்தான் கைமாறின. தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் டீசல் உறிஞ்சப்படுகிறது; ஆகவே அங்கே ஓட்டை விழுந்தால் என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். ஈரம் தேடுகிறவருக்கு இந்தப் பழுது கிடைக்காது. கண்டுபிடித்தாலும் நடுக்காட்டில் வாஷர் எங்கே? சலவைச் சோப்பைப் பிசைந்து அப்பிவிட்டு அடுத்த ஊர் வரை ஓட்டிப் போனார்கள்.

வடிகட்டியால் தடுக்க முடியாத ஒன்றும் இருந்தது. ரேஷனில் மலிவாக வழங்கப்பட்ட மண்ணெண்ணெய் டீசலில் கலப்படமாயிற்று. இதைத் தடுக்கவே ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்க்கப்பட்டது. மண்ணெண்ணெய் துகளல்ல, எனவே எந்தக் காகிதத்தையும் தாண்டிப் போய்விடும். டீசலின் எண்ணெய்ப்பசை அதற்கு இல்லாததால் பம்பின் தண்டு தேயும். கலப்படம் செய்தவர் ஒருவர், பம்ப் கடையில் பணம் கட்டியவர் இன்னொருவர்.

கார்களின் வருகை

இந்தியாவில் டீசல் கார் பரவலானது தாமதமாகத்தான். டீசல் அம்பாசடர் வாடகைக் கார்களாக ஓடியது. 1994-ல் டாடா சுமோவும், 1998-ல் டாடா இண்டிகாவும் வந்தன. டீசலின் விலை 2014 அக்டோபர் வரை அரசின் கட்டுப்பாட்டில் இருந்து, பெட்ரோலைவிடக் குறைவாகவே நின்றதால் வீட்டுக்கார்களும் டீசலுக்கு மாறின.

கார் வடிகட்டி சிறியது. பலவற்றில் அடியில் நீர் வடிக்கும் திருகும், தலையில் அமுக்கும் பொத்தானோ குழாயில் ரப்பர்க் குமிழோ இருக்கும். சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைத்து, பழையதைக் கழற்றி, புதியதன் ரப்பர் வளையத்தில் டீசல் தடவி மாட்டி, பொத்தான் கடினமாகும் வரை அமுக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் மட்டும் சுற்றி, இடைவெளி விட்டு, மீண்டும் சுற்ற வேண்டும். லாரியில் பழகிய கைக்கு இது விளையாட்டு. இந்தக் கட்டம் வரை பழைய அறிவும் புதிய வண்டியும் ஒத்துப்போயின.

காமன் ரெயில்

1997-ல் ஐரோப்பியக் கார்களில் அறிமுகமான காமன் ரெயில் முறை ஐந்தாறு ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் அதைச் சிற்றூர் வரை கொண்டுபோனது. இதில் டீசல் 1,300 பாருக்கு மேல் அழுத்தப்பட்டு ஒரு பொதுக்குழாயில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கும். பழைய பழக்கங்கள் இரண்டு இங்கே கேடாயின. புதிய வடிகட்டியில் டீசல் ஊற்றி மாட்டுவது பழைய என்ஜினில் நேரம் மிச்சப்படுத்தும் வழி. இங்கே அப்படி ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே இன்ஜெக்டருக்குப் போகக்கூடும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அதை விலக்குகிறார்கள். மற்றது உயிருக்கே ஆபத்தானது. என்ஜின் சுற்றும்போது யூனியன் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் உள்ளே திசு அழுகி, விரலையே எடுக்க நேரலாம். பழைய வண்டியில் திறமையாக இருந்தது புதிய வண்டியில் விபத்தானது. இதைப் பட்டறைகளுக்கு எடுத்துச் சொன்னவர்கள் போதாது.

லாரிகளில் மாற்றம் மெதுவாக வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளையே விற்கலாம் என்றானபோது, அசோக் லேலண்ட் தன் பழைய இன்லைன் பம்பை வைத்துக்கொண்டே அந்த விதியை நிறைவு செய்யும் என்ஜினைக் கொண்டுவந்தது. ஊர் மெக்கானிக்கே பழுது பார்க்கலாம் என்பது அதன் விற்பனைக் காரணங்களில் ஒன்று. ஆனால் அது மூன்று ஆண்டுகளே நீடித்தது. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது புதிய லாரிகளில் காமன் ரெயிலே நிலையாயிற்று. மாருதி அதே நாளில் டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது.

மின்பம்பு உள்ள வண்டிகளில் இன்று ஏர் எடுப்பது என்றால் சாவியைப் போட்டு, பம்பின் முனகல் அடங்கும் வரை காத்திருந்து, அணைத்து, மறுபடி போடுவது. இன்லைன் பம்ப் முழுக்க மறையவில்லை. பழைய ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் என்ஜின்களிலும் பழைய டிராக்டர்களிலும் அது இன்னும் இருக்கிறது. பீப்பாயில் கொண்டுபோன டீசலைத் துணி போட்டு வடித்து ஊற்றும் அந்த இடங்களில் கைப்பம்புக்கு இப்போதும் வேலை உண்டு.