பாலாறு வளர்த்த தோல் வணிகம்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி அமைந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்குள்ள உயிரியல் பூங்காவையும் அருவியையும் காணச் செல்லும் குடும்பங்கள் பல. ஆனால் அந்த மலைக்காட்டுக்கும் நம் சமுதாயத்தின் செல்வ வரலாற்றுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஐரோப்பா எவ்வாறு உயர்ந்தது, ஜப்பான் எவ்வாறு வளர்ந்தது என்றெல்லாம் ஆராய்கின்ற நாம், நம் வாசலிலேயே எழுந்த ஒரு தொழில் மண்டலத்தின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டாமா?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைகிறது. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தொட்டு, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே தோன்றும் இவ்வாற்றின் உண்மையான செல்வம், மணலுக்கு அடியில் ஓடிய ஊற்றுநீரே. ஆற்றுக்குத் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலைக் காடுகளில் கடுக்காய் விளைகிறது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அதனைத் திரட்டி அடிவாரத்துச் சந்தைகளுக்குக் கொண்டுவருவர். சமவெளியின் வறண்ட நிலங்களிலோ ஆவாரை தானாகவே வளர்ந்தது.

தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடியும் சதையும் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டுவைப்பர். பின்னர் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். இத்தொழிலுக்கு வேண்டிய நீர், பட்டை, காய் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததுதான் பாலாற்றங்கரையின் எழுச்சிக்கு முதற்காரணம்.

இரண்டாவது காரணம் மக்கள். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இப்பகுதியின் முஸ்லிம் குடியிருப்புகள் பெருகின. தமிழும் தக்கணி உருதும் ஒரே கடைவீதியில் ஒலித்தன. மூன்றாவது காரணம் இருப்புப்பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிற்று. பிறகு அப்பாதை மேற்கே நீண்டு, ஆம்பூரையும் வாணியம்பாடியையும் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்தது. பதனிட்ட தோல் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி லண்டன் சந்தையை அடைந்தது. முதல் உலகப் போரின்போது (1914-18) ராணுவக் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது.

வந்த செல்வம் இரும்புப் பெட்டியிலேயே முடங்கிவிடவில்லை. வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த தோல் வணிகர் வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் (1863-1938) வாரி வழங்கிய கொடைகளை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர். 1965இல் தொடங்கப்பட்ட கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவற்றைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட ஏழை மக்கள். கடுக்காய் சுமந்து இறங்கிய மலைவாசிகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

காலம் மாறிற்று. 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1973இல் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கப்பட்ட தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களில் முடிந்தது. ஆலைகள் பெருகின, ஏற்றுமதி உயர்ந்தது, பல்லாயிரம் பெண்கள் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர்.

ஆனால் மலையின் பட்டையை மறந்த தொழில், ஆற்றின் நீரையும் மறந்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் மண்ணில் இறங்கிற்று. பெருமைக்குரிய அதே ஊற்றுநீர் கரித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் அதில் வலியுறுத்திற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் தீங்கு முற்றிலும் நீங்கவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் ஆற்றுக்குச் சீரமைப்பும் வேண்டுமென மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

ஆலையை மூடிவிடுவதே தீர்வு என்று நாம் கூறவில்லை. அது எத்தனையோ வீடுகளின் அடுப்பை அணைத்துவிடும். அதே வேளையில், பக்கத்து வயல்காரனின் கிணற்றைக் கெடுத்து ஈட்டிய பொருளில் தர்மம் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஆறு நமக்குச் சொந்தமன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கல்லூரி கட்டத் தெரிந்த சமுதாயத்துக்குக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது இயலாத காரியமா?

அடுத்த முறை அமிர்திக்குச் செல்லும்போது கடுக்காய் மரம் ஒன்று கண்ணில் பட்டால், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். உங்கள் பாட்டனாரின் மண்டியை நடத்தியதில் இதற்கும் பங்குண்டு என்று சொல்வோம். இந்த மலைக்கும் அந்த ஆற்றுக்கும் நாம் செலுத்த வேண்டிய பாக்கி இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வோம்.