விரியன் கற்பித்த பாடம்

தாம்பரத்தை அடுத்த வயல் வரப்புகளில் நான் சிறுவனாய்த் திரிந்த நாளில், "கண்ணாடி விரியன் கிடக்கும், விளக்கின்றிப் போகாதே" என்று பாட்டி எச்சரிப்பார். இரத்தம் உறைவதன் நுட்பத்தை அறிஞர் ஆராய அப்பாம்பின் நஞ்சும் துணை நின்றது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பாட்ரிக் ரஸ்ஸல் என்பார் 1796-இல் இந்தியப் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இவ்விரியன் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1934-இல் லண்டனில் மக்ஃபர்லேன், பார்னெட் இருவரும், இரத்தம் நில்லாது ஒழுகும் நோயுடையோரின் இரத்தத்தையும் இந்நஞ்சு உறையச் செய்வதைக் காட்டினர்.

இது எவ்வாறு? நஞ்சு இரத்தத்தில் த்ராம்பின் என்னும் உறைவிக்கும் பொருளைப் பிறப்பிக்கிறது. அதற்குக் காவலாக நம் கல்லீரல் ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தை ஆக்குகிறது. தனித்து உலவும் இப்புரதத்தில் பாதி கழிய இரண்டு மூன்று நாள் ஆகும். த்ராம்பினைப் பற்றிக்கொண்டாலோ, இணைந்த இரண்டையும் கல்லீரல் சில நிமிடங்களிலேயே அகற்றத் தொடங்கிவிடும். இப்புரதம் குறைந்த ஒரு குடும்பத்தில் இரத்தக்கட்டு நோய் தொடர்வதை 1965-இல் நார்வே நாட்டு எகெபர்க் எடுத்துரைத்தார்.

விரியன் கடித்தால் இக்காவல் போதாது. உறைவதற்குரிய பொருள்கள் வீணே செலவாகித் தீர, இரத்தம் பின்னர் உறையாமலே ஒழுகும். கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்த இரத்தம் உறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதனாலேயே.

நமக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே மாற்றுமருந்து பிறக்கிறது.

மாணவர்களே, கடிபட்டவரைக் கண்டால் மந்திரம் தேடி நேரம் போக்காதீர். உடனே மருத்துவமனை சேருங்கள்.