ஆர்.சி.யில் ஒரு வரி

ஆவடி என்றதும் பலருக்கு டாங்கி தொழிற்சாலை ஞாபகம் வரும். வரலாறு படித்தவர்களுக்கு 1955 ஜனவரியில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாடு ஞாபகம் வரும். சோஷலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் லட்சியம் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. அந்தத் தீர்மானத்துக்கும் ஆவடியில் ஒரு இளைஞன் இன்று முதல் கார் வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

அந்தக் காலத்துத் திட்டங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருள். யார் தயாரிக்கலாம், எத்தனை தயாரிக்கலாம் என்பதெல்லாம் அரசாங்கம் கொடுக்கும் லைசென்ஸைப் பொறுத்தது. அம்பாசடர், பியட், நம்ம வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு... அவ்வளவுதான் சாய்ஸ். கையில் பணம் இருந்தாலும் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. 1960களில் பாடியிலும் அம்பத்தூரிலும் என்னென்ன தயாரானது என்று பாருங்கள். டன்லப் டயர் அம்பத்தூரில். சக்கரம் வீல்ஸ் இந்தியாவில், பிரேக் பிரேக்ஸ் இந்தியாவில், ஸ்டார்ட்டர் மோட்டார் லூகாஸ் டிவிஎஸ்ஸில், மூன்றும் பாடியில். ஆவடியிலோ 1965ல் விஜயந்தா டாங்கியே வெளியே வந்துவிட்டது! சில கிலோமீட்டருக்குள் ஒரு காரில் பாதியைச் செய்துவிடலாம். ஆனால் அவற்றைச் செய்த தொழிலாளி வேலைக்குப் போனது சைக்கிளில். அந்த சைக்கிளும் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்ததாகவே இருந்திருக்கலாம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து கார் வாங்குவது அப்போது நடக்காத காரியம். இதற்கு வழி கண்டுபிடித்தது சென்னையின் ஃபைனான்ஸ் கம்பெனிகள்தான். 1954ல் டி.எஸ். சந்தானம் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸை ஆரம்பித்தார். வங்கிகள் லாரிக்காரர்களை உள்ளேயே விடாத காலம் அது. 1974ல் சீட்டு கம்பெனியாக ஆரம்பித்த ஸ்ரீராம் குழுமம், 1979ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸைத் தொடங்கியது. பழைய லாரி வாங்க நினைத்த டிரைவர்கள்தான் அதன் முக்கியமான வாடிக்கையாளர்கள். அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறவன் தன் வண்டியை ஓட்ட வேண்டும், அதற்கு அவனிடம் சம்பள சர்டிபிகேட் கேட்டால் எங்கே போவான்? இந்தக் கேள்வியில் இருந்துதான் அந்த வியாபாரமே வளர்ந்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆர். தியாகராஜன் தன் பங்குகளில் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்துவிட்டு சாதாரண ஹூண்டாய் காரில்தான் போய்வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

காமர்ஸ் மாணவர்களுக்கு வாடகைக் கொள்முதல் கணக்கு ஞாபகம் இருக்கும். கடைசித் தவணை கட்டும்வரை பொருள் உங்களுடையது அல்ல, நீங்கள் வெறும் வாடகைதாரர். இதை முறைப்படுத்த 1972லேயே தனிச் சட்டம் போட்டார்கள். அது அமலுக்கே வராமல் கிடந்து 2005ல் ரத்தானது!

வட்டி விஷயத்தில் இன்னொரு சூட்சுமம். 2 லட்சம் கடன், 10 சதவீத ஃபிளாட் வட்டி, 3 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 60 ஆயிரம், மாத டியூ சுமார் 7,222 ரூபாய். 10 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 2 லட்சத்துக்கும் போகிறது. சரியாகக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம்.

காத்திருப்பு குறைய ஆரம்பித்தது மாருதி வந்த பிறகு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 சாவியை டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருக்கு இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் 48 ஆயிரம். 2010ல் இறக்கும்வரை அவர் அந்தக் காரை விற்கவே இல்லை. 1993ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்றானது. 1998ல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அதன் பிறகு காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டியூ மட்டும்தான் பாக்கி.

இந்தப் பக்கம் கார் வாங்கும் இளைஞர்களில் ஒரு ரகம், ஆக்டிங் டிரைவராக ஆரம்பிப்பவர்கள். தினப்படிக்கு யாரோ ஒருவரின் காரை ஓட்டுவார்கள். கிளட்ச் மேலேயே கால் இருக்கும், ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போட்டாலும் கவலை கிடையாது. முன்பணம் சேர்ந்ததும் டி-போர்டு வண்டி எடுப்பார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய மறுநாளில் இருந்து அதே ஆள் வேறு ஆள். கிளட்ச் பிளேட் மாற்றினால் எத்தனை ட்ரிப் காசு போகும் என்பது அவருக்கு மனப்பாடம். உபதேசம் எதுவும் தேவைப்படாது, மாதம் பிறந்தால் டியூ வருகிறதே!

டியூ தவறினால் சீசிங். அடியாட்களை வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது என்று 2007ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாகனக் கடன் வழக்கில் கண்டித்தது. 2020ல் கொரோனா வந்தபோது ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிப்போனது தவணை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடாமல் நின்றது வண்டி. சவாரியே இல்லாத அந்த மாதங்களுக்கும் சேர்த்து பிறகு கட்ட வேண்டியிருந்தது. முன்பணம் போட்டு, பாதி டியூ கட்டி, வண்டியையும் இழப்பதுதான் இதில் பெரிய கொடுமை.

எல்லா டியூவும் கட்டி முடித்தவர் கம்பெனியில் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிப்பார். அதற்கு எச்.பி. கேன்சல் என்று பெயர். ஷோரூமில் சாவி வாங்கும்போது போட்டோ எடுக்க ஆள் இருந்தது, இதற்கு யாரும் வருவதில்லை. அம்பத்தூரோ பூந்தமல்லியோ, தனியாக விண்ணப்பம் போட வேண்டியதுதான். அதன் பிறகு வரும் புது ஆர்.சி.யில் அவர் பெயர் இருக்கும், ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்த அந்த ஒரு வரி மட்டும் இருக்காது.