வடிவமைப்புச் சிந்தனை

வடிவமைப்புச் சிந்தனை என்பது, ஒரு சிக்கலுக்கு விடை சொல்லுமுன் அதில் அவதிப்படுபவரைக் கிட்ட இருந்து கவனித்து, தோன்றும் யோசனையை மலிவான மாதிரியாகச் செய்து பார்த்து, குறை கண்ட இடத்தில் திருத்திக்கொண்டே போகும் முறை. ‘டிசைன் திங்கிங்’ என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறது.

வடிவமைப்பைத் தொழிலுக்கு அப்பாலும் கொண்டுபோனவர்களில் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் முக்கியமானவர். இருக்கும் நிலையை மேலான நிலையாக மாற்ற வழி தேடும் எவரும் வடிவமைப்பாளரே என்பது அவர் 1969இல் முன்வைத்த கருத்து. 1973இல் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்ற இரு அறிஞர்கள் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். வறுமை, நகர நெரிசல் போன்றவற்றில் சிக்கல் இன்னதென்பதே விடை தேடத் தேடத்தான் புலப்படும் என்றார்கள். ‘டிசைன் திங்கிங்’ என்ற பெயரிலேயே பீட்டர் ரோ 1987இல் எழுதிய நூல் கட்டடக் கலைஞர்களைப் பற்றியது.

அன்றாட வாழ்வில் இம்முறைக்குத் தெளிவான சான்று, அந்தப் பெயரையே சூடிக்கொள்ளாத ஒரு தோல்சீவிதான். சமையல் பாத்திரத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற சாம் ஃபார்பர், மூட்டுவாதம் கண்ட தம் மனைவி பெட்சி தோல் சீவச் சிரமப்படுவதைக் கவனித்தார். கோளாறு கையில் இல்லை, மெல்லிய உலோகப் பிடியில் இருந்தது. நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து, பிடிகளை மாதிரி மாதிரியாகச் செய்து பார்த்தார். இறுதியில் கிடைத்தது தடித்த கறுப்பு ரப்பர் பிடி. விரல் பதியும் இடத்தில் மட்டும் மெல்லிய வரிகள். ஈரக் கையிலும் வழுக்காது. 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது அது நோயாளிகளுக்கான கருவி என்று விளம்பரப்படுத்தப்படவில்லை. எல்லாருமே வாங்கினார்கள்.

1991இல் டேவிட் கெல்லியும் கூட்டாளிகளும் தொடங்கிய ஐடியோ வடிவமைப்பு நிறுவனம் இம்முறையை ஊரறியச் செய்தது. 1999இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக ஐந்தே நாளில் கடைத் தள்ளுவண்டியை மாற்றியமைத்தார்கள். அங்கும் முதல் வேலை, கடைக்குப் போய் வேடிக்கை பார்ப்பதுதான். கடையில் வாங்கிப் பழகியவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பொருளை எடுத்து வருவதைக் கண்டதால், புதிய வண்டியில் கழற்றி எடுக்கும் கூடைகள் வந்தன. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் இம்முறையை உணர்தல், வரையறுத்தல், யோசித்தல், மாதிரி செய்தல், சோதித்தல் என ஐந்து படிகளாக்கிப் பரப்பியது. பரவிய வேகத்தில், பல அலுவலகங்களில் வேடிக்கை பார்க்கும் வேலை கழன்றுபோய், சுவரில் ஒட்டும் வண்ணத் தாள்கள் மட்டும் மிஞ்சின. வடிவமைப்பாளர் நடாஷா ஜென் 2017இல் அந்தத் தாள்களைத்தான் கேலி செய்தார்.

சொந்த வாழ்க்கைக்கு இம்முறையைத் திருப்பியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் பில் பர்னெட்டும் டேவ் எவன்ஸும். அவர்களுடைய வகுப்பு 2007இல் தொடங்கியது. நூல் 2016இல் வந்தது. அடுத்த ஐந்தாண்டுக்கு ஒன்றல்ல, மூன்று வெவ்வேறு திட்டங்கள் வரையச் சொல்கிறார்கள்: இப்போதைய பாதை, அது அடைபட்டால் செய்வது, பணமும் ஊர்ப்பேச்சும் பொருட்டில்லை என்றால் செய்வது. வேலையை விடுமுன் அந்தத் தொழிலில் இருப்பவரிடம் பேசுவதும், சில நாள் கூடவே இருந்து பார்ப்பதும் இங்கே மாதிரி. நூலில் வரும் ஒரு பெண் ஆசைப்பட்டு உணவகம் திறக்கிறார். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஆள் பிடிப்பதும் சரக்குக் கணக்கும் அவருக்கு ஒத்துவரவில்லை. வேறொரு உணவகத்தில் சில நாள் வேலை பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

நாம் அசைக்க முடியாதவற்றைச் சிக்கலாகவே எண்ணாமல், புவியீர்ப்பைப் போல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள் இந்த ஆசிரியர்கள். முறையின் பலவீனம் இங்கேதான். குறைந்த கூலியும் ஏறும் வாடகையும் தனி ஒருவருக்குப் புவியீர்ப்பாகத் தெரியலாம். சங்கம் சேர்ந்து கேட்பவர்களுக்கு அப்படியல்ல.