கொல்லையில ஒரு கொட்டகை

கஜா புயல்ல போனதுல எங்க கொல்லைக் கொட்டகையும் ஒண்ணு. 2018 நவம்பர். அப்பா போட்ட கொட்டகை அது. நாலு மூங்கில் கால், மேல தென்னங்கீத்து. மம்பட்டி, அரிவாள், மருந்து தெளிக்கிற டேங்க், உர மூட்டை எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். அதுக்கப்புறம் தார்ப்பாயை மூடியே காலம் தள்ளினேன். இந்தக் கோடையில எப்படியும் கட்டிடணும்னு, 12 அடிக்கு 10 அடி, செங்கல் சுவர், தகரக் கூரைன்னு கணக்குப் போட்டேன்.

கடைக்கால் தோண்ட ஆள் வந்த அன்னிக்குக் காலையில தம்பி வந்து நின்னான். "அண்ணே, கீத்துக் கொட்டகைன்னா நான் ஏன் கேக்கப் போறேன்? செங்கல் வச்சா பங்கு பிரிச்ச மாதிரி ஆயிடும்ல?"

எனக்குக் கோபம்தான். அப்பா போட்ட இடத்துலதானே போடுறேன்? ஆனாலும் ஆளுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிட்டேன். யோசிச்சா, அவன் சொன்னது ஊரோட பழைய கணக்கு. எங்க பக்கம் பங்காளிகள் சேர்ந்து புழங்குற கொல்லையில முளை அடிக்கலாம், கடைக்கால் எடுக்கக் கூடாது. மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், விறகு அடுக்குற சாய்ப்பு எல்லாம் எவனும் போட்டுக்கலாம். நாளைக்குப் பாகம் பிரிக்கிறப்போ அரை நாள்ல பிடுங்கிடலாமே! கூரைத் தண்ணி அடுத்தவன் பக்கம் சொட்டக் கூடாது, கிணத்தடிக்கு வழி விடணும், வைக்கோல் அடுப்படிக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கல.

எழுதினது வெள்ளைக்காரன் காலத்துல. 1882ல வந்த வசதியுரிமைச் சட்டம் முதல்ல நம்ம மதராஸ் மாகாணம், மத்திய மாகாணம், குடகு இந்த மூணு இடத்துக்குத்தான். இருபது வருஷம் தடையில்லாம, உரிமையா ஒரு வழியில நடந்தா, கூரைத் தண்ணியை அடுத்த மனையில விட்டா, அது உரிமையாவே ஆயிடும்னு அந்தச் சட்டம் சொல்லுது. ஆனா அது அடுத்தடுத்த மனைக்காரங்களுக்கு. ஒரே மனையில பங்குள்ளவங்களுக்குள்ள கதை வேற. அங்க ஒவ்வொரு பிடி மண்ணும் எல்லாருக்கும் சொந்தம். ஒருத்தன் மட்டும் சுவர் எழுப்பினா மத்தவன் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம்.

இந்த மண்ணு யாருதுங்கிற கேள்விக்கு ரொம்பப் பின்னால போகணும். தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன் கல்வெட்டைப் பாருங்க. கோயிலுக்கு விட்ட ஊர்களோட நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி வரைக்கும் அளந்து வெட்டியிருக்காங்க. அதுல வரியில்லாத நிலம்னு ஒரு கழிவு வருது: ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு. வயலைப் பின்னம் பின்னமா அளந்தவன் குடியிருப்பை மொத்தமா ஒதுக்கி வச்சுட்டான். அதுக்குள்ள யார் வீடு எங்க, யார் கொல்லை எதுவரைன்னு அந்தக் கணக்குல இல்ல. வரி இல்லாத இடத்துக்கு அது எதுக்கு?

ஆயிரம் வருஷம் கழிச்சும் அந்தப் பழக்கம் போகல. 1905ல நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தப்போ ரோடு, தெரு, ஏரி, ஆறு எல்லாம் சர்க்காருதுன்னு அறிவிச்சாங்க. ஆனா ஒருத்தர் வீட்டு மனையாவோ கொல்லையாவோ சொந்தமா வச்சிருக்கிற நிலம் அதுல சேராதுன்னு விலக்கு கொடுத்தாங்க. கொல்லைன்னு தனியா சொல்லியிருக்காங்க பாருங்க. அது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ஒரு சந்தோஷம்.

எல்லாருக்கும் அந்தச் சந்தோஷம் கிடையாது. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கூலி வேலை செஞ்சவங்க குடியிருந்தது பெரும்பாலும் மிராசுதார் மனையில. ஒரு ஆட்டுக்கொட்டில் போடக்கூட அவரைக் கேக்கணும். கோபம் வந்தா மனையை விட்டுப் போடான்னுடுவார். 1971ல குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்த பிறகுதான் அவங்க குடியிருந்த மனை அவங்களுக்கே சொந்தமாச்சு. கொல்லையில கடைக்கால் எடுக்க இன்னொருத்தன் முகத்தைப் பார்க்கிறது அவமானம்னு நான் ஒரு நாள்தான் நினைச்சேன். அவங்க தலைமுறை தலைமுறையா நினைச்சிருப்பாங்க.

எங்க மனையைச் சர்க்கார் உள்ளே வந்து அளந்தது நத்தம் நிலவரித் திட்டத்துலதான். அப்பா பேர்ல பட்டா வந்துச்சு. 1999ல அப்பா போனாங்க. என் பேரும் தம்பி பேரும் கூட்டுப் பட்டாவுல ஏறுச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னுதான் ஊராட்சிக்கு மனு எழுத உக்காந்தேன். வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தா மூணாவது பேர் இருக்கு. அக்கா.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1986ல. 1956 வாரிசுச் சட்டப்படியே அப்பா சொத்துல அவங்களுக்குப் பங்கு உண்டு. ஆனா அதுல 23ம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. குடும்பம் குடியிருக்கிற வீட்டை ஆம்பளப் பிள்ளைங்க பிரிக்க நினைச்சாத்தான் பிரிக்கலாம், பொண்ணு தானாப் பிரிக்கச் சொல்லிக் கேக்க முடியாது. பங்கு இருக்கும், கேக்க வாய் இருக்காது. 2005 திருத்தத்துல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. அது எடுத்து இத்தனை வருஷம் ஆச்சு, நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கொல்லையைப் பத்தி எவ்வளவோ சண்டை போட்டிருக்கோம். அக்காவை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

போன வாரம் பட்டுக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். தாளை நீட்டினதும் கண்ணாடியைத் தேடி எடுத்து முழுசாப் படிச்சாங்க. "கொட்டகை எந்தப் பக்கம்?"னாங்க. கிணத்துக்கு மேக்கேன்னேன்.

"அங்கதான அம்மா வச்ச எலுமிச்சை நிக்குது?"

கஜாவுல சாஞ்சுடுச்சுக்கான்னு சொன்னேன். அதுகூடத் தெரியாம இருந்திருக்காங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் தாளை மடிச்சு எங்கிட்டயே கொடுத்துட்டு, "முதல்ல மூணா அளந்து கல்லு போடு. அப்புறம் உன் பங்குல மாடி வேணாலும் கட்டிக்க"ன்னாங்க. காபி கொடுத்துத்தான் அனுப்பினாங்க.

பஸ்ல வர்றப்போ எனக்கு ஆத்தாமையாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து தம்பிகிட்ட சொன்னா அவன் முகமும் சுண்டிப்போச்சு. அளந்தா கிணறு யார் பங்குல விழும்னுதான் அவன் கவலை. ரெண்டு நாள் கழிச்சு அவனையும் கூட்டிக்கிட்டுப் போய், அக்கா பேரையும் சேர்த்து உட்பிரிவுக்கு மனு கொடுத்துட்டு வந்தேன். சர்வேயர் எப்போ வருவாருன்னு தெரியல. வாங்கி வச்ச தகரம் திண்ணையில சாத்தியிருக்கு. மழை வந்துடும்னு கிணத்துக்குக் கிழக்கால நாலு மூங்கிலை நட்டு, மேல கீத்துப் போட்டிருக்கேன்.