தன்னை அறிதலும் தற்போதமும்

தன்னைத் தான் அறிதல் என்னும் கருத்தைத் தமிழ் நூல்கள் பல சொற்களாற் குறிக்கின்றன. தன்னை அறிதல், தன்னுணர்வு, தற்போதம், ஆன்மஞானம், ஆன்மதரிசனம் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்களாகக் கொண்டு, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்து உரை கூறுவாரும் உளர். அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது என்பதும், இவற்றுட் தற்போதம் என்பது தன்னை அறிதலுக்கு முற்றும் மாறான பொருளில் சைவ சித்தாந்த நூல்களில் வழங்கிவந்தது என்பதும் ஈண்டு யாம் காட்டக் கருதியவை.

முதற்கண் இச்சொல்லின் அமைப்பை நோக்குவாம். தான் என்னும் பெயர் உருபேற்குங்கால் தன் எனக் குறுகும். வல்லெழுத்து வருமொழி முதலாக நிற்பின் அதன் னகரம் றகரமாகத் திரியும். தற்காப்பு, தற்கொலை, நன்னூற் பாயிரத்தில் வரும் தற்புகழ்தல் ஆகியன இவ்வாறு புணர்ந்தவை. இவற்றுள் தன் என்பது செயப்படுபொருளாய் நிற்கின்றது. தன்னைக் காத்தல், தன்னைக் கொல்லுதல், தன்னைப் புகழ்தல் என விரியும். தற்செயல் என்பதோ அவ்வாறு விரியாது. தானே நிகழும் செயல் எனப் பொருள்படும். எழுத்துப் புணர்ச்சி ஒன்றாயினும் பொருட்புணர்ச்சி வேறாதல் காண்க. இம்முறையில் தற்போதம் என்னும் தொகையும் இருவகையாக விரித்தற்கு இடந்தரும். தன்னை அறியும் போதம் என இரண்டாம் வேற்றுமைப் பொருள்பட விரித்தல் ஒன்று; தனது போதம், அஃதாவது அறிபவன் யானே எனத் தன்னை முதலாக வைத்து எழும் போதம் என ஆறாம் வேற்றுமைப் பொருள்பட விரித்தல் மற்றொன்று. எது கொள்ளற்பாலது என்பதை இலக்கணம் தனித்து நின்று முடிவு செய்யாது. வழக்கே முடிவு செய்தல் வேண்டும்.

இனி, வழக்கின் வரலாற்றைக் காண்பாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என்னும் ஐம்புல அறிவொடு மனவறிவு ஆறாவதாக எண்ணப்படுகின்றது. தன்னையே நோக்கும் அறிவு என ஒன்று ஆண்டுத் தனியே வைக்கப்படவில்லை. திருக்குறளில் இக்கருத்து இரண்டு இடங்களில் இருவேறு வகையாகத் தோன்றுகின்றது. பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில், வினையின் வலி முதலியவற்றொடு தன்வலியும் சீர்தூக்கற்பாலது என்கின்றார் வள்ளுவர். தன் அளவறியாது தன்னையே வியப்பவன் விரைந்து கெடுவான் என்பதும் அவ்வதிகாரக் கருத்தே. இது செயல்புரிவான் தன் ஆற்றலை அளந்தறியும் அறிவு. அறத்துப்பாலிலோ துறவு 35ஆம் அதிகாரமாகவும் மெய்யுணர்தல் 36ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. யான், எனது என்னும் செருக்கை அறுத்தல் முன்னும், மெய்ப்பொருளை உணர்தல் பின்னும் கூறப்பட்ட இம்முறைவைப்பு, பிற்காலத்துச் சித்தாந்திகள் விரித்துரைத்த கருத்திற்கு முன்னோடி எனலாம்.

மணிமேகலையிற் கூறப்படும் பன்னிரு நிதானங்களுள் உணர்வு மூன்றாவது. பௌத்தம் நிலைபேறுடைய ஆன்மாவை உடன்படாமையின், ஆண்டு உணர்வு உண்டு. அவ்வுணர்வுக்கு உரிமையுடையதாகத் தான் என ஒரு பொருள் இல்லை. எனவே உணர்வு என்ற சொல்லைக் கண்டவுடன் அதனைத் தன்னுணர்வு எனக் கொள்ளுதல் அந்நூலின் கொள்கைக்கே முரணாகும்.

தன்னை அறிதலை வெளிப்படையாகப் போற்றிய பழைய நூல்களுள் திருமந்திரம் தலையாயது. தன்னை அறிந்தார்க்குக் கேடில்லை என்பதும், அறியாமையாலேயே மக்கள் கெடுகின்றனர் என்பதும் திருமூலர் கருத்து. ஆண்டுத் தன்னை என இரண்டன் உருபு வெளிப்பட்டு நிற்றலின் ஐயத்திற்கு இடமில்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த சாத்திரங்களும் இக்கருத்தை மேலும் பகுத்தன. உயிர் அறிவுடையது, ஆயினும் அறிவிக்க அறிவது. கண் பிறவற்றைக் காணினும், உயிர் காட்டாதவழிக் காணமாட்டாது. அவ்வாறே உயிரும் இறைவன் காட்டாதவழி அறியமாட்டாது. ஆகவே அறிவு பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாயிற்று. இவற்றுள் முன்னைய இரண்டானும் இறைவனை அறிதல் இயலாது. உயிர் தன் அறிவையே முதலாகக் கொண்டு, அறிவிப்பானை மறந்து நிற்கும் நிலையே தற்போதம் எனப்பட்டது. சீவபோதம் என்பதும் அது. தசகாரியம் என எண்ணப்படும் பத்து நிலைகளுள் ஆன்மதரிசனம் ஐந்தாவது. அதன்பின் ஆன்மசுத்தியும், சிவரூபம் முதலாய நான்கும் உள்ளன. எனவே தன்னைக் காண்டல் வழியின் இடைநிலையேயன்றி முடிநிலை ஆகாது. கண்ட பின்னர்த் தன்செயலற்று அருளில் அடங்குதல் வேண்டும்.

வேதாந்த வழக்கோடு ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஆத்மபோதம் என்பது சங்கரர் பெயரால் வழங்கும் ஒரு நூலின் பெயர். ஆண்டு அச்சொல் வீடுபேற்றிற்கு ஏதுவாகிய உயர்ந்த அறிவைக் குறிக்கும். ஆத்மன் என்னும் வடசொல் தான் எனவும் பொருள்படுவது. எனவே உறுப்புக்கு உறுப்பு மொழிபெயர்ப்பின் ஆத்மபோதம் தற்போதமே ஆதல் வேண்டும். ஆயினும் முன்னது அடையத்தக்கது, பின்னது ஒழியத்தக்கது. 18ஆம் நூற்றாண்டினராகிய தாயுமானவர் பைங்கிளிக்கண்ணியில் தற்போதத்தை நற்போதத்திற்கு எதிராக நிறுத்துதலும் இவ்வழக்கின் உறுதியைக் காட்டும்.

இவ்விரு நெறிகளும் சொல்லால் மாறுபடினும் ஓரிடத்தில் அணுகுதலையும் குறித்தல் தகும். 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை வினவியவற்றிற்கு இரமண மகரிஷி தந்த விடைகள் 1923இல் ‘நான் யார்?’ என நூலாயின. நான் என்னும் நினைவு எங்கிருந்து எழுகின்றது என நாடுங்கால் அந்நினைவே ஒடுங்கும் என்பது அதன் சாரம். ஆகவே தன்னை அறிதலின் பயன் தற்போதம் ஒழிதலே என ஆகின்றது. முடிந்த நிலை யாது என்பதில் வேதாந்தமும் சித்தாந்தமும் வேறுபடும். இப்பயனைக் கோடலில் பெரிதும் வேறுபடா.

இக்கால உளவியல் நூல்கள் அகநோக்கு, தன்னறிவு முதலிய சொற்களை ஆள்கின்றன. அவை ஒருவன் தன் விருப்பு, ஆற்றல், குறை ஆகியவற்றை ஆராய்ந்தறிதலைக் குறிப்பன. பொருளால் வள்ளுவர் கூறிய தன்வலி அறிதலுக்கு அணித்தானவை. இப்பொருளைச் சித்தாந்த நூல்களில் ஏற்றுதலும், தற்போதத்தைத் தன்னறிவு எனப் பெயர்த்தலும் நூலாசிரியர் கருத்தைத் தலைகீழாக்கும். நூல் ஒழிக்க என்று கூறியதைப் படிப்போர் பெறுக என்று கொள்வர். அன்றேல், தன்னை அறிதலையே நம் முன்னோர் இகழ்ந்தனர் எனப் பிழைபட முடிவு செய்வர். சொல்லடைவு தொகுப்போரும், உரை வரைவோரும், மொழிபெயர்ப்போரும் தன் என்னும் முதனிலையுடைய தொகைகளை எதிர்ப்படுந்தோறும், அஃது அறியப்படுபொருளா, அறிவுக்கு உரிமை கொள்ளும் முதலா என வினவிப் பின்னரே பொருள் துணிதல் வேண்டும். இவ்வினா ஒன்றே இருவகைப் பொருளையும் பிரித்துக் காட்டப் போதியதாகும்.