தானக் கணனியும் வீட்டுச் சாவியும்

2021இல் டோர்ட்மண்ட் நகரசபை, இயன்ற இடமெல்லாம் திறந்த மூல மென்பொருளையே பயன்படுத்துவதெனத் தீர்மானித்தது. நகரசபைக்குச் சம்பளம் பெறும் அலுவலர் உண்டு. பழைய கணனிகளில் லினக்ஸ் நிறுவி அகதிக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் தொண்டர்களுக்கோ மாலைநேரம் மட்டுமே. கொடுப்பது இலகு, கொடுத்தவற்றை யார் புதுப்பிப்பது?

இதற்கு இரு வழிகள் வளர்ந்தன. 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், 1999இன் 2.1 பதிப்பில் 'ஆப்ட்' கருவியைச் சேர்த்தது. ஒரு மென்பொருளோடு அதற்கு வேண்டிய ஏனையவற்றையும் அது தானே தேடி எடுக்கும். இதன்மேல் எழுந்த 'அனற்ரெண்டட் அப்கிறேட்ஸ்' பாதுகாப்புத் திருத்தங்களை ஆளின்றியே நிறுவும். 2007இன் 4.0 பதிப்பு முதல் வருபவற்றின் கையொப்பத்தையும் ஆப்ட் சரிபார்க்கிறது. மற்ற வழி, 2012இல் வந்த அன்சிபிள் போன்றது: ஒரு மேசையிலிருந்து எல்லாக் கணனிகளுக்கும் கட்டளை போகும்.

இரண்டாவது வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தொண்டு நிறுவனம் ஒவ்வொரு கணனியின் சாவியையும் கையில் வைத்திருக்கவேண்டும். அகதி வழக்கின் கடிதங்களும் ஊரிலுள்ளோரின் விலாசங்களும் கிடக்கும் கணனி அது. நல்லவர்கள்தான், நாளை அந்த மேசையில் யார் இருப்பார்?

முதலாவதும் பழுதற்றதல்ல. 2006இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குச் செய்த சிறு மாற்றம் மறைகுறிச் சாவிகளை ஊகிக்கக்கூடியனவாக்கிற்று. 2008 மே 13இல்தான் அது அறிவிக்கப்பட்டது. திருத்தம் தானாக வந்தது. பயனாளர் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்த சாவிகளை மனிதரே மாற்றவேண்டியிருந்தது. அந்த வேலைக்குத் தொண்டர் வீட்டுக்கு வரட்டும், கதவைத் தட்டி.